அடுப்படிப் புகையும் அம்மாவின் மூச்சும்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடொன்றின் வயதை அறிய விரும்புவோர் அதன் முகப்பைப் பார்க்க வேண்டியதில்லை. குசினியின் முகட்டை அண்ணாந்து பார்த்தாற் போதும். பனஞ்சலாகையும் வரிச்சும் மைபூசினாற்போலக் கறுத்துக் கிடக்கும். அந்தக் கறுப்பை நம் முன்னோர் அழுக்கென்று கருதியதில்லை. புகை படிந்த மரத்தை உளு அரிக்காது, புகை படிந்த ஓலை விரைவில் உக்காது என்பது அவர்கள் கண்ட அனுபவம். அடுத்த போகத்துக்குரிய விதையை அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டார்கள். தோட்டத்துப் புகையிலையைக் குடிலில் இட்டுப் பொச்சுமட்டைப் புகையிலே பதப்படுத்தினார்கள். மாலையில் நுளம்பை விரட்ட வேப்பிலைப் புகை. குழந்தையைக் குளிப்பாட்டியதும் சாம்பிராணிப் புகை. இவ்வாறு புகை என்பது நம் வீடுகளில் நெடுநாள் வேலையாள்போலப் பழகிவிட்ட ஒன்று. பழகியவரைச் சந்தேகிப்பது எளிதன்று. அடுப்படிப் புகையைப்பற்றி நம் குடும்பங்களிற் பேச்செழாமைக்கு இதுவே முதற் காரணம் என்று நினைக்கிறேன்.

நான் கல்லூரியொன்றிற் படிப்பிப்பவள். வகுப்பிலே மாணவிகளிடம் ஒருநாள் கேட்டேன்: "காற்று மாசடைதல் என்றதும் உங்கள் மனத்தில் எழும் காட்சி யாது?" ஒருத்தி பேருந்தின் கரும்புகையைச் சொன்னாள். இன்னொருத்தி தொழிற்சாலையின் புகைக்கூம்பைச் சொன்னாள். மற்றொருத்தி டில்லி மாநகரத்து மார்கழி மூட்டத்தைப் பத்திரிகையிற் படித்ததாகக் கூறினாள். தன் வீட்டு அடுப்பை ஒருத்தியேனும் சொல்லவில்லை. அன்று காலை விறகடுப்பில் அவித்த பிட்டை உண்டு வந்தவர்கள் கை உயர்த்துங்கள் என்றேன். பாதி வகுப்புக்கு மேல் கை உயர்த்தியது.

இது எங்கள் வகுப்புக்கு மட்டும் உரிய நிலையன்று. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி, இலங்கையின் குடும்பங்களில் நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்டவை விறகையே முதன்மை எரிபொருளாகக் கொண்டிருந்தன. உலக சுகாதார ஸ்தாபனத்தின் கணிப்பை நோக்கினால், உலகில் இருநூறு கோடிக்கு மேற்பட்ட மக்கள் விறகு, வரட்டி, கரி, மண்ணெண்ணெய் முதலியவற்றையே எரித்துச் சமைக்கிறார்கள். வீட்டினுள் எழும் இப்புகையினால் 2020 ஆம் ஆண்டில் மாத்திரம் ஏறக்குறைய 32 இலட்சம் உயிர்கள் அகாலத்தில் மறைந்தன என்றும், அவர்களுள் 2 இலட்சத்து 37 ஆயிரத்துக்கு மேற்பட்டோர் ஐந்து வயதுக்குட்பட்ட பாலகர் என்றும் அந்த ஸ்தாபனம் கூறுகின்றது. இம்மரணங்களிற் பாதிக்கு மேற்பட்டவை மாரடைப்பினாலும் பாரிசவாதத்தினாலும் நேர்ந்தவை. எஞ்சியவை நியூமோனியா முதலிய சுவாசத் தொற்றுக்களாலும், நாட்பட்ட சுவாச அடைப்பு நோயாலும், சுவாசப்பைப் புற்றுநோயாலும் வந்தவை. புகை நெஞ்சை மட்டுமே தாக்கும் என்று எண்ணியிருப்போர்க்கு இது வியப்பாகத் தோன்றலாம்.

ஆயின் புகையில் அப்படி என்னதான் இருக்கிறது? விறகு முழுமையாக எரியுமானால், பெரும்பாலும் நீராவியும் காபனீரொட்சைட்டும் சாம்பலுமே மிஞ்சும். மூன்று கற்களுக்கிடையே நாம் மூட்டும் தீயில் விறகு அவ்வாறு எரிவதில்லை. காற்றுப் போதாமையாலும் ஈரத்தினாலும் பாதி எரிந்தும் எரியாமலும் பல பொருள்கள் வெளியேறுகின்றன. அவற்றுள் ஒன்று காபனோரொட்சைட்டு. குருதியிலுள்ள ஈமோகுளோபின் ஒட்சிசனைப் பற்றுவதைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலிமையாக இந்த வாயுவைப் பற்றிக்கொள்ளும். அடுப்படியில் நெடுநேரம் நின்றவருக்கு வரும் தலையிடிக்கு வெயில்மேற் பழி போடுகிறோம். இந்த வாயுவுக்கும் அதிற் பங்குண்டு. பென்சீன், போமல்டிகைட்டு என்பனவும் புற்றுநோயை விளைக்கக்கூடிய வேறு சிலவும் அப்புகையில் உண்டு. எல்லாவற்றினும் கொடியது கண்ணுக்குத் தெரியாத நுண்டுகள். மயிரொன்றின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கே உடைய இத்துகள்கள் மூக்கையும் தொண்டையையும் கடந்து சுவாசப்பையின் அடி நுனிவரை சென்று தங்கும். அங்கிருந்து அவை மூட்டும் அழற்சி குருதிக் குழாய்களையும் கெடுக்கும். மாரடைப்பும் பாரிசவாதமும் வருவது இவ்வழியாலேதான்.

2021 ஆம் ஆண்டு வெளியான நெறிமுறையின்படி, ஒரு நாட் சராசரியாக ஒரு கனமீற்றர்க் காற்றில் இத்தகைய நுண்டுகள் 15 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது. காற்றோட்டம் குன்றிய அடுக்களையிலோ ஏற்கத்தக்க அளவினும் நூறு மடங்கு வரை அவை நிறையக்கூடும் என்கிறார்கள்.

நம் குடாநாட்டில் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை என்று சொல்வதுண்டு. பனை தரும் காவோலை, மட்டை, பாளை, பன்னாடை, ஊமல்; தென்னை தரும் பொச்சுமட்டை, சிரட்டை; வேலியில் வெட்டிய பூவரசும் கிளுவையும்; விறகுகாலையில் நிறுத்து வாங்கும் வன்னி விறகு. இவற்றுள் நன்கு காய்ந்து பிளந்த வைரமான விறகு குறைவாகப் புகையும். மாரிகாலத்தில் நனைந்த பொச்சுமட்டையும் பச்சைக் கிளுவையும் குசினியை இருட்டாக்கிவிடும். இக்காலத்தில் வேறொரு கேடும் சேர்ந்திருக்கிறது. அடுப்பு மூட்டக் காவோலை தேடாமற் கடையில் வாங்கிவந்த சொப்பின் பையைக் கொளுத்திச் செருகுகிறோம். பிளாத்திக்கு எரியும் புகை விறகுப் புகையினும் பன்மடங்கு நஞ்சுடையது. அந்தப் புகை சுற்றிச் சுழலும் அடுப்பின்மேலே பிள்ளைக்குப் பால் காய்ச்சுகிறோம் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

வெளியிலுள்ள புகையை உலகம் விரைவிற் கண்டுகொண்டது. 1952 ஆம் ஆண்டு டிசெம்பர் 5 முதல் 9 வரை இலண்டன் மாநகரை நிலக்கரிப் புகையும் மூடுபனியும் சேர்ந்து மூடின. குளிர்காய வீடுகளில் எரித்த நிலக்கரி அதற்கு ஒரு பெருங்காரணம். நாலாயிரம் பேர் இறந்தனர் என்று அன்று கணக்கிட்டார்கள். பிற்கால ஆய்வாளர் அத்தொகை பன்னீராயிரம் வரை சென்றிருக்கலாம் என்றனர். நான்கே ஆண்டுகளில், 1956 இல், அந்நாட்டுப் பாராளுமன்றம் சுத்தக் காற்றுச் சட்டத்தை நிறைவேற்றியது. ஆனால் அடுக்களைக்குள் எழும் புகையை அளக்க முன்வந்தோர் மிகச் சிலரே. 1981 ஆம் ஆண்டளவில் கேர்க் சிமித் என்னும் அமெரிக்க அறிஞர் குசராத்துக் கிராமங்களுக்குச் சென்று, சமைக்கும் பெண்கள் சுவாசிக்கும் காற்றைக் கருவிகொண்டு அளந்தார். நகரத் தெருக்களையும் விஞ்சும் மாசு அங்கே இருக்கக் கண்டார். தம் வாழ்நாளின் எஞ்சிய பகுதியை, 2020 இல் மறையும்வரை, பெரும்பாலும் இப்பொருளை ஆராய்வதில் அவர் செலவிட்டார். தெருப் புகை எல்லாருடைய மூக்கிலும் ஏறியது. அடுப்படிப் புகை பெண்களின் மூக்கில் மட்டும் ஏறியது. அதனாற்போலும், இதனை அளப்பதற்கு இத்துணைக் காலம் சென்றது.

என் தாயாரின் கதையை இங்கே சொல்வது பொருந்தும். அவருக்கு வயது எழுபத்து மூன்று. ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் வீட்டு அடுப்பு அவர் கையில். சில ஆண்டுகளுக்கு முன் படலையிலிருந்து கிணற்றடிவரை நடப்பதற்கே மூச்சு வாங்கியது. தொய்வு என்று தமக்குத்தாமே பெயர்வைத்து, தூதுவளையும் வேர்க்கொம்பும் அவித்துக் குடித்து வந்தார். வற்புறுத்தி வைத்தியரிடம் அழைத்துச் சென்றேன். குழாயொன்றில் ஊதச் சொல்லிச் சுவாசத்தை அளந்த வைத்தியர், "அம்மா, நீங்கள் சுருட்டுப் பத்துறனீங்களோ?" என்று கேட்டார். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "என்ரை கடவுளே! வெத்திலைகூட நான் போடுறேல்லை, தம்பி" என்றார். வைத்தியர் சிரிக்கவில்லை. "அப்ப விறகடுப்போ? எத்தினை வருசம்?" என்று கேட்டு, விடையைக் குறித்துக்கொண்டார். நாள்தோறும் சுருட்டுப் பிடித்துவந்த ஒருவரின் சுவாசப்பைக்கு நேரும் அதே நோய், சுருட்டைத் தொட்டறியாத அம்மாவின் சுவாசப்பைக்கு நேர்ந்திருந்தது. குறுகிப்போன சுவாசக் குழாய்கள் இனிப் பழைய நிலைக்கு மீளமாட்டா என்றும், மேலும் கெடாமற் காக்கலாம் என்றும் அவர் விளக்கினார்.

வீடு திரும்பியதும் அம்மா வழக்கம்போல அடுப்படிக்கே சென்றார். தடுத்தபோது அவர் சொன்ன மறுமொழியை நம் ஊரிற் பலரும் கேட்டிருப்பீர்கள்: "பிள்ளை, என்ரை ஆச்சி எண்பத்தெட்டு வயசு மட்டும் உந்த அடுப்பிலைதானே சமைச்சவ. அவவுக்கு என்ன வந்தது?"

இக்கேள்வியை அலட்சியம் செய்தல் கூடாது. ஆச்சி எண்பத்தெட்டு வயதுவரை வாழ்ந்தது மெய். ஆனால் நாம் எண்ணுவது வாழ்ந்தவர்களை மட்டுமே. அதே அடுப்படியில் மடியிலும் இடுப்பிலும் கிடந்து, சளியென்றும் கணையென்றும் பெயர்சொல்லிப் புதைக்கப்பட்ட பாலகரை நினைவுகூர இன்று எவருமில்லை. ஆச்சி காலத்து அடுப்படியும் இன்றைய அடுப்படியும் ஒன்றல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். அன்று குசினி பெருவீட்டிற்குப் புறம்பாக நின்றது. அரைச்சுவரும் அதன்மேற் பனைமட்டை வரிச்சும் ஓலைக்கூரையுமாக இருந்தமையால் நாற்புறமும் காற்றுப் புகுந்து சென்றது. நாம் சீமெந்துச் சுவரெழுப்பி, சிறு யன்னல் ஒன்று வைத்து, தகரமோ கொங்கிறீற்றோ மூடிய அறைக்குள் அதே அடுப்பைக் கொண்டுபோய் வைத்தோம். வீடு முன்னேறியது, காற்றுக்கு வழி அடைபட்டது.

என் தலைமுறையினருக்குப் புகையோடு வேறொரு கணக்கும் உண்டு. 1990களிற் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. மண்ணெண்ணெய் மருந்துபோல அளந்து கிடைத்தது. ஜாம் போத்தலின் அடியிற் சிறிது பஞ்சும் கொஞ்சம் எண்ணெயும் இட்டுக் கொளுத்தி, அந்தச் சிறு சுடரின் முன் குனிந்து பரீட்சைகளுக்குப் படித்தோம். காலையில் மூக்கைச் சிந்தினாற் கைக்குட்டை கறுக்கும். அவ்விளக்கில் எத்தனையோ பட்டதாரிகள் உருவானார்கள் என்று பெருமையாகப் பேசுகிறோம், பேசத்தான் வேண்டும். ஆயினும் மண்ணெண்ணெய்ச் சுடர் நுண்டுகள் நிறைந்த புகையைக் கக்குவது. வீடுகளில் அதனைப் பயன்படுத்துவதைத் தவிர்க்குமாறு உலக சுகாதார ஸ்தாபனம் 2014 ஆம் ஆண்டு நெறிமுறையில் அறிவுறுத்தியது. வேறு வழியின்றிச் சுவாசித்த புகைக்கு எவரையும் நோவதற்கில்லை. வழி இருக்கும்போதும் அதனைச் சுவாசிப்பதே வருந்தத்தக்கது.

வழி இருக்கிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. வாயு அடுப்பே நேரான வழி. எங்கள் வீட்டிலும் அது வந்தது. ஆனால் 2021 ஒக்ரோபர் தொடக்கத்தில் 1,493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ வாயுச் சிலிண்டர், 2022 ஏப்ரலில் 4,860 ரூபாவாயிற்று. அந்த விலைக்கும் கிடையாமல் மக்கள் நாட்கணக்கில் வரிசையில் நின்றனர். நாடெங்கும் விறகடுப்பு மீண்டது. எங்கள் அம்மாவும் ஊதுகுழலை மறுபடி கையிலெடுத்தார். மாதச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கே இந்நிலையெனின், கூலித்தொழிலாளியின் மனைவியிடம் சென்று விறகை விட்டுவிடு என்று உபதேசிப்பது நியாயமாகாது.

வாயு அடுப்பைப்பற்றியும் மிகைபடக் கூறலாகாது. அண்மையில் குவாத்தமாலா, பெரு, ருவாண்டா, இந்தியா ஆகிய நான்கு நாடுகளில் ஏறக்குறைய 3,200 கர்ப்பிணிகளைக் கொண்டு பெரியதோர் ஆராய்ச்சி நடந்தது. இந்தியாவில் அது நடந்த இடங்கள் தமிழ்நாட்டு நாகபட்டினமும் கள்ளக்குறிச்சியுமாகும். பாதிப் பேருக்கு வாயு அடுப்பும் வாயுவும் இலவசமாகக் கொடுத்தார்கள். அவர்கள் சுவாசித்த நுண்டுகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறைந்தன. எனினும், பிறந்த குழந்தைகளின் நிறையிலோ, ஓராண்டுக்குள் அவர்களுக்கு வந்த கடும் நியூமோனியாவிலோ கருதத்தக்க வேறுபாடு தென்படவில்லை என்று 2022 இலும் 2024 இலும் முடிவுகள் வெளியாயின. இதைக்கொண்டு புகை தீதற்றது என்று சொல்வார் தவறுவர். பல ஆண்டுகள் ஊறிய தீங்கைச் சில மாதங்களில் அழிக்க இயலாது. ஒரு வீட்டின் அடுப்பு மாறினாலும் அயல்வீட்டுப் புகை வேலிக்குமேலால் வந்துகொண்டேயிருக்கும். முன்னர் குவாத்தமாலா மலைநாட்டிலே புகைக்கூடு வைத்த அடுப்புகளைக் கொடுத்து நடத்திய ஆராய்ச்சியின் முடிவு 2011 இல் வெளிவந்தது. அங்கே பிள்ளைகள் சுவாசித்த புகை பாதியாயிற்று. நியூமோனியா முழுவதையும் நோக்கின் குறைவு உறுதிப்படவில்லை. கடும் நியூமோனியா மாத்திரம் ஏறக்குறைய மூன்றிலொரு பங்கு குறைந்தது. ஆதலின் சிறிது குறைத்தாற் சிறிது பயன். பெரிதும் குறைத்து, நெடுநாள் குறைத்து, ஊரோடு குறைத்தாற்றான் பெரும்பயன் என்றே கொள்ள வேண்டும்.

எங்கள் வீட்டில் ஒருவாறு உடன்பாட்டுக்கு வந்தோம். காலைத் தேநீரும் பிட்டும் வாயு அடுப்பில். சோறு மின் அடுப்பில். அம்மா விட்டுக்கொடுக்க மறுக்கும் மண்சட்டி மீன்குழம்பு மாத்திரம் விறகடுப்பில். அந்த விறகடுப்பும் குசினிக்குள் இல்லை. கோடிப்புறத்தில் இருபக்கமும் திறந்த பத்தியொன்று இறக்கி, அங்கே வைத்திருக்கிறோம். மூட்டுபவர் என் கணவர். அம்மா காற்று வரும் பக்கமாகக் கதிரை போட்டிருந்து உப்புப் புளி சொல்கிறார். இழந்த மூச்சு மீளவில்லை. கிணற்றடிக்குப் போகையில் இன்றும் ஒருமுறை நின்றுதான் போகிறார். இரவு இருமல் குறைந்திருக்கிறது. கனடாவிலுள்ள தம்பி தொலைபேசியில் அழைக்கும்போது, இடையில் நிறுத்தாமற் பேச முடிகிறது.

பணம் செலவில்லாமற் செய்யக்கூடியவையும் உண்டு. விறகைப் பிளந்து, மழைக்கு முன் கூரைக்குக் கீழே அடுக்கிக் காயவைத்தல்; பானையை மூடிச் சமைத்தல்; கடலை, பயறு முதலியவற்றை முதல்நாளே ஊறப்போடுதல்; புகைக்கூடு இருப்பின் அதன் கரியை ஆண்டுக்கிருமுறை தட்டுதல்; கைக்குழந்தையையும் கர்ப்பிணியையும் அடுப்படியில் இருத்தாமை; சொப்பின் பையை எக்காரணத்தாலும் எரியாமை. 1990களில் நம் நாட்டிற் பரவிய 'அனகி' என்னும் இரட்டை மண் அடுப்பு விறகைச் சேமிக்கும். ஆயினும் அதற்குப் புகைக்கூடு இல்லையாதலால் காற்றோட்டமுள்ள இடத்திலேயே வைக்க வேண்டும். சிரட்டைக் கரித் தணலைப் பூட்டிய அறைக்குள் வைத்து உறங்குதல் உயிருக்கே ஆபத்து.

தைப்பொங்கலன்று நாம் எங்கே அடுப்பு மூட்டுகிறோம்? முற்றத்தை மெழுகிக் கோலமிட்டு, சூரியனுக்கு முன்னே, திறந்த வெளியிலே மூட்டுகிறோம். அன்று ஆண்களும் பிள்ளைகளும் அடுப்பைச் சூழ்ந்து நிற்கிறார்கள்; புகை எவருடைய நெஞ்சிலும் தங்காது வானத்துக்குச் செல்கிறது. மற்றைய நாட்களில் அதே நெருப்பை இருண்ட அறையொன்றினுள் ஒரு பெண்ணோடு தனியே விட்டுவிடுகிறோம்.

இப்பக்கத்தை வாசிக்கும் மாணவ மாணவியர்க்கும் வீட்டுத் தலைவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். இன்று ஞாயிற்றுக்கிழமை, எல்லாரும் வீட்டில் இருப்பீர்கள். மத்தியானச் சமையல் நடக்கும்போது அடுப்படிக்குச் சென்று கால்மணி நேரம் நில்லுங்கள். கண் எரிந்தாற் சகித்துக்கொள்ளுங்கள். பின்னர் யன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது, எந்தச் சுவரிலே இரண்டு கல்லைக் கழற்றலாம், அடுப்பை எங்கே நகர்த்தலாம் என்று சமைப்பவரோடு கலந்து பேசுங்கள். அடுத்த ஞாயிறு வருவதற்குள் அவற்றில் ஒன்றையாவது செய்துவிடலாம்.